சின்சேயிடம் சொல்லாத மாத்திரை

பத்தாவது ஊசி உச்சந்தலையில் இறங்கியதும் சின்சே வழக்கம்போல, "வந்துச்சா அங்கிள்?" என்று கேட்டார், நானும் வழக்கம்போல வந்தது என்றேன், வரவில்லை. வருவது என்றால் என்ன என்று முதல் நாளே சொல்லித் தந்திருந்தார். ஊசி போன இடத்தில் சுருக்கென்று வலித்தால் அது வெறும் குத்து, அதில் ஒன்றும் இல்லை, மந்தமாக, கனமாக, ஈரச் சாக்கைப் போட்டு அழுத்தினாற்போல ஒன்று ஊறிக்கொண்டு வரவேண்டும், அது வந்தால்தான் ஊசி உடம்புக்குள் ஓடும் பாதையைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். வலது பக்கம் வருகிறது, நன்றாகவே வருகிறது, முழங்கைக்குக் கீழே குத்தினால் சுண்டுவிரல்வரை போகிறது. இடது பக்கம் ஐந்து ஊசியில் மூன்று, சுவரில் அடித்த ஆணி மாதிரி. ஆனாலும் அந்த அம்மாள் அவ்வளவு ஆசையாகக் குனிந்து முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, விருந்துக்குப் போன இடத்தில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் உப்பில்லை என்றா சொல்வோம். சீன வைத்தியரை இங்கே தைப்பிங்கில் ஆணானாலும் பெண்ணானாலும் சின்சே என்றுதான் கூப்பிடுவோம், இவர் சின்சே யாப், நாற்பது வயதிருக்கும், நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம், அவருடையது பள்ளிக்கூட மலாய், என்னுடையது சந்தையில் கற்ற பாசார் மலாய், நடுவில் எங்கேயோ சந்தித்துவிடுவோம். அரைமணி நேரம் அசையாமல் படுங்க, இடது கை விரலை மட்டும் நினைச்சு நினைச்சு அசைங்க என்று சொல்லி, முட்டை வேகவைக்க வாங்கும் தக்காளி வடிவக் கடிகாரத்தை முறுக்கி ஜன்னலோரம் வைத்துவிட்டு, பச்சைத் திரையை இழுத்துவிட்டுப் போய்விட்டார். நான் அசைக்கிறேன். சுட்டுவிரல் அசைகிறது. அசைகிறது என்றால் எவ்வளவு, ஒரு எறும்பு தள்ளினால் அரிசி நகருமே அவ்வளவு, வீட்டில் பேரப்பிள்ளைகளிடம் சொல்லும்போது மட்டும் நான் அந்த விரலால் பக்கத்து வீட்டு லோரியைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறேன்.

இன்று காலை பல் விளக்கும்போது ஈறிலிருந்து ரத்தம். நேற்றும். தனம் பார்த்து என்னாங்க சிவப்பா துப்புறீங்க என்றாள், பீட்ரூட் என்றேன், வீட்டில் பீட்ரூட் வாங்கி ஒரு மாதமாகிறது. தொடையில் ஒரு திட்டு, உள்ளங்கை அகலம், கத்தரிக்காய் நிறம், எங்கேயும் இடித்துக்கொண்ட ஞாபகம் இல்லை, அதைக் கைலிக்குள் வைத்து மறைத்துக்கொண்டுதான் இங்கே வந்து படுத்திருக்கிறேன். எனக்குள் இரண்டு மருந்து ஓடுகிறது, அதுதான் சங்கதி. ஆஸ்பத்திரியில் கொடுத்த வார்ஃபரின் மாத்திரை சாயங்காலம், சின்சே கொடுத்த கஷாயம் காலையும் மதியமும். மாத்திரையைப் பற்றி சின்சேக்குத் தெரியாது. கஷாயத்தைப் பற்றி ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. முன்கூடத்தில் மருந்து இழுப்பறைகளுக்குப் பக்கத்தில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மனைவி தனபாக்கியத்துக்கு இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும் என்பது தெரியும், அப்படி நான் சொல்லி வைத்திருக்கிறேன். ரெண்டையும் சேர்த்தே சாப்பிடலாமாம் தனம், ஒண்ணு வாசல் வழியா போகுமாம், ஒண்ணு கொல்லை வழியா போகுமாம், நடுவுல சந்திக்காதாம். அவள் நம்பினாள். ஐம்பது வருஷத்தில் அவள் என்னை நம்பாத நாட்கள்தான் அதிகம், போயும் போயும் இதை நம்பினாள்.

முதல் நாள் சின்சே ஒரு காலண்டர் தாளின் பின்புறம் மரம் வரைந்து காட்டினார். வைத்தியனுக்கு நாலு வழி இருக்கிறதாம், பார்ப்பது, காதாலும் மூக்காலும் அறிவது, கேட்பது, தொடுவது. பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லி ஊதா என்றார், ஓரத்தில் பல்தடம் என்றார், நாக்கை மடக்கி அடியில் ஓடும் நரம்பைக்கூடப் பார்த்தார், முப்பத்தொரு வருஷம் மின்சார மீட்டர் படித்தவன் நான், ஒருத்தர் ஒன்றைக் கவனமாகப் படிக்கிறாரா சும்மா எட்டிப் பார்க்கிறாரா என்று எனக்குத் தெரியும், அவர் படித்தார். பிறகு மரம். வேரில் தண்ணீர் வற்றினால் உச்சி காய்ந்துபோகும், காய்ந்த உச்சியில் காற்று பிடித்துக்கொள்ளும், அந்தக் காற்று வெளியிலிருந்து வருவதில்லை அங்கிள், உள்ளேயே பிறக்குது, மேலே ஏறுது, ஏறும்போது வழியில கிடக்கிற சளியை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போய் பாதையை அடைச்சிடுது, அப்புறம் ரத்தம் வாய்க்கால்ல தண்ணி நிக்கிற மாதிரி நிக்குது, ஒரு பக்கம் காய்ஞ்சு போச்சு, எங்க பாஷையில இதுக்குக் காற்றால் அடிபட்டதுன்னு பேரு. எங்கள் பாஷையிலும் அப்படித்தான் என்றேன், நாங்களும் வாதம் என்றுதான் சொல்கிறோம், வாதம் என்றால் காற்று. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிஜமாவா என்று கேட்டார். நிஜம்தான், நான் சொன்ன உண்மைகளில் அன்றைக்கு அது ஒன்று. ஆஸ்பத்திரி டாக்டர் வேறு மாதிரி சொன்னார், இதயம் ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்குவதால் உள்ளே ரத்தம் கட்டிப்போய், அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டதாம், இனி கட்டாமல் இருக்கத்தான் இந்த மாத்திரை. காற்று அடைத்ததோ கட்டி அடைத்ததோ, நாற்காலியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன், நகவெட்டி கீழே விழுந்தது, எடுக்கப் போனால் கை என்னோடு வரவில்லை, அவ்வளவுதான் நடந்தது. ஐந்து மாதமாகிறது. வார்டில் மற்றவர்களிடம் சொன்னது வேறு, மீட்டர் பெட்டிக்குள் சுருண்டு கிடந்த மலைப்பாம்பு என் இடது கையைச் சுற்றிக்கொண்டது, பதினெட்டு அடி, டிஸ்சார்ஜ் ஆகும்போது இருபத்திரண்டு அடி, நர்ஸ் ஒருத்தி கையைப் பாம்பு பிடிச்சிருக்க எப்படி அளந்தீங்க தாத்தா என்று கேட்டு மடக்கினாள், பாம்பே சொன்னது என்றேன்.

பிறகு மூன்றாவது வழி, கேட்பது. அதுதான் எனக்குப் பிடிக்காத வழி. வேர்க்கிறதா, தாகமா, தூக்கம் எப்படி, வெளிக்கி எப்படி, கேட்டுக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தி, ஆஸ்பத்திரி மருந்து என்னென்ன சாப்பிடுறீங்க, ரத்தத்தை நீர்க்க வைக்கிற மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டார். மிக முக்கியமா கேக்கிறேன் அங்கிள் என்றும் சொன்னார். நான் ரத்த அழுத்த மாத்திரையும் வைட்டமினும்தான் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன். இந்த இடத்தில்தான் ஒவ்வொரு வாரமும் நினைப்பு வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது, இந்தக் கட்டிலில் படுத்தால் போதும், தக்காளி டிக் டிக் என்று ஓட ஆரம்பித்தால் போதும், ஏன் அப்படிச் சொன்னேன். எங்கள் வீட்டில் நாடி பார்க்க வரும் வைத்தியரிடம் வாயைத் திறக்கக் கூடாது. கையை மட்டும் நீட்ட வேண்டும். என் அப்பா ஆரோக்கியமான காலத்திலும் அதை ஒரு சட்டமாக வைத்திருந்தார், நமக்கு என்ன நோவு என்று நாமே சொன்னால் அவர் எதற்கு, அவர் சொல்லட்டும், சொல்லிவிட்டால் வைத்தியர், கேட்டால் அரைவைத்தியர். பாரிட் புந்தாரிலிருந்து சைக்கிளில் வருவார் அந்த நாடி வைத்தியர், பெயர் குப்பாண்டி, மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடினார் என்றால், நேற்று என்ன குழம்பு, அதில் எத்தனை மிளகாய், குழம்பை வைத்தவள் யாரோடு சண்டை போட்டுவிட்டு வைத்தாள் என்பது வரைக்கும் சொல்லுவார். ஒருமுறை அப்பா திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு சித்தப்பாவின் கையை வெளியே நீட்ட வைத்தார், குப்பாண்டி பிடித்துப் பார்த்துவிட்டு இந்தக் கைக்குச் சொந்தக்காரனுக்குப் பல்வலி, இவனுக்குப் பின்னால் படுத்திருப்பவனுக்குத்தான் காய்ச்சல் என்றார். இது கதை இல்லை, நான் இதில் ஒரு அடிகூடக் கூட்டவில்லை.

ஆகவே நானும் சின்சேக்குப் பரீட்சை வைத்தேன். வைத்தது பரீட்சை என்று அன்றைக்கு என் மூளைக்குத் தெரிந்ததா, தெரியாது, கை நீண்டது, வாய் மூடிக்கொண்டது, அப்பாவின் பிள்ளை. மீட்டரில் காந்தம் ஒட்டிவைக்கிற வீட்டுக்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும், சக்கரம் மெதுவாகச் சுற்றுவதற்காக வைப்பார்கள், மீட்டர் படிக்கப் போனால் அன்றைக்குப் பார்த்துக் கோப்பி போட்டு நாற்காலி துடைத்து உட்காரச் சொல்வார்கள், நான் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டே காந்தம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் கண் போகிற திசையில் தெரிந்துகொள்வேன். இப்போது நானே எனக்கு ஒரு காந்தத்தை ஒட்டிக்கொண்டு, கோப்பி போட்டு, இந்த அம்மாள் கண்டுபிடிக்கட்டும் என்று படுத்திருக்கிறேன். பாதி கண்டுபிடித்தும்விட்டார். நாலாவது வழிக்கு வந்து மூன்று விரலை வைத்தார், அவர்களும் மூன்று விரல்தான், அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார், வில்லு நாண் மாதிரி விறைப்பா இருக்கு, தட்டுல முத்து உருள்ற மாதிரி வழுக்குது, ஆனா நடந்துகிட்டே இருக்கிறது திடீர்னு நிக்குது, எப்ப நிக்கும்னு கணக்கே இல்லை, இதயத்துக்கு ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா. எனக்குப் புல்லரித்தது. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம், பரீட்சையில் தேறிவிட்டீர்கள் என்று மாலை போட்டிருக்கலாம். நானோ, அழகான பொண்ணுங்க கையைப் பிடிச்சா நின்னு நின்னுதான் துடிக்கும் சின்சே என்றேன். அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார்.

தக்காளி ஓடுகிறது. வெளியே மழை பிடித்துக்கொண்டது, தைப்பிங்கில் மழை என்பது செய்தி இல்லை, மழை இல்லாவிட்டால்தான் செய்தி, தகரத்தின் மேல் விழுகிற சத்தம், வாய்க்காலில் ஓடுகிற சத்தம், இரண்டுக்கும் நடுவில் அடுத்த கட்டிலில் யாரோ குறட்டை. கஷாயத்தில் என்னென்ன என்று முதல் வாரம் சின்சே தாளில் கொட்டிக் காட்டினார், மஞ்சள் நிறத்தில் சீவிய வேர் ஒரு குவியல், அது தெம்புக்காம், சிவப்பு வேர், சிவப்புப் பூ, பீச் பழத்தின் கொட்டை, எல்லாம் நிற்கிற ரத்தத்தை ஓட வைப்பவை, அப்புறம் பிளந்து காயவைத்த மண்புழு. மண்புழுவா என்றேன். நாங்க நில டிராகன்னு சொல்லுவோம் என்றார், மண்ணைத் துளைச்சுக்கிட்டு போறது பாருங்க, அது மாதிரி அடைச்ச வழியைத் துளைக்கும். தூண்டில் போட்டு வளர்ந்த எனக்கு அது பிடித்துவிட்டது. நான் கொன்ற மண்புழு எல்லாம் சேர்ந்து எனக்காக இப்போது வேலை செய்கிறது, என்ன பெருந்தன்மை. ஏழாவது வாரம் விரல் அசைந்தது. பசியாறிக்கொண்டிருந்தேன், தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த சுட்டுவிரல், கூப்பிடாமலே, தானாக, ஒருமுறை. தனம் சட்னிக் கரண்டியோடு அப்படியே நின்றாள். இன்னொரு தரம் செய்யுங்க என்றாள். செய்ய முடியவில்லை. மறுநாள் முடிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மண்புழு என் தோளில் நுழைந்து முழங்கையில் திரும்பி மணிக்கட்டில் இளைப்பாறி விரல்நுனியை முட்டியதை, அது எத்தனை அடி நீளம் என்பதோடு சேர்த்து, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன், ஒன்பது அடி. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது. பரீட்சை எல்லாம் அன்றோடு முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு இருந்தது வெறும் பயம். மாத்திரையைச் சொன்னால் சின்சே கஷாயத்தை நிறுத்துவார். கஷாயத்தைச் சொன்னால் ஆஸ்பத்திரியில் கஷாயத்தை நிறுத்தச் சொல்வார்கள். எங்கே போய்ச் சொன்னாலும் நிற்கப்போவது மண்புழுதான், மண்புழு நின்றால் விரல் நின்றுவிடும். இந்த விரல் நாளைக்குக் கையாகலாம், கை என்றால் கைலி முடிச்சு, சட்டைப் பொத்தான், கழிவறையில் தனம் வெளியே காத்துக்கொண்டு நிற்க வேண்டாத ஒரு காலை.

மருந்தகத்தில் மாத்திரை கொடுத்த பெண் தெளிவாகத்தான் சொன்னாள், நாட்டு மருந்து, சீன மருந்து, வேர், இலை எதுவும் கூடாது தாத்தா, எங்களைக் கேட்காமல் ஒன்றும் கூடாது. தனம் அப்போது கழிவறைக்குப் போயிருந்தாள், கேட்டது நான் ஒருவன்தான். மாதாமாதம் ரத்தம் எடுத்து ஒரு எண் சொல்வார்கள், அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கவேண்டும், குறைந்தால் ரத்தம் கட்டும், கூடினால் ஒழுகும். எண் என்றால் எனக்குப் புரியும். போன மாதம் நாலைத் தொட்டு நின்றது. அந்தச் சின்ன டாக்டர் புருவத்தை நெரித்து, புதுசா ஏதாவது சாப்பிட்டீங்களா என்றார். டுரியான் என்றேன், நாலு நாள், வேறே ஒன்றுமே சாப்பிடவில்லை, என் சிநேகிதன் தோட்டத்தில் மரம் என் தலையைப் பார்த்துத்தான் பழம் போட்டது. அவர் அதை எழுதிக்கொண்டார். நான் கதை சொல்லி மனிதர்கள் சிரித்திருக்கிறார்கள், வாயைப் பொத்தியிருக்கிறார்கள், போய்யா என்றிருக்கிறார்கள், ஒருத்தர் அதைக் கார்டில் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. நன்றாக இல்லை. மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்தார், அடுத்த வியாழக்கிழமை மறுபடி ரத்தம். இன்று சனிக்கிழமை. ஈறு வியாழக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை.

கூடினால் ஒழுகும். எங்கே ஒழுகும். ஈறில் ஒழுகினால் துப்பலாம், தொடையில் ஒழுகினால் கைலி. தலைக்குள் ஒழுகினால். அதுவும் பக்கவாதம்தான் என்று டாக்டர் சொன்னார், அடைத்தாலும் வரும், உடைந்தாலும் வரும், ஒரே நோய் இரண்டு வாசலில் நிற்கிறது, ஒரு வாசலைப் பூட்டிவிட்டோம், இன்னொன்றைத் திறந்துவிடக் கூடாது. நான் திறந்துவைத்துக்கொண்டு விரலை அசைத்துக்கொண்டிருக்கிறேன். வலது பக்கமும் போனால் என்ன மிச்சம், நாக்கு போனால். மறுபடி நினைப்பு சுற்றிக்கொண்டு குப்பாண்டி வைத்தியரிடமே போய் நிற்கிறது, அவர் சைக்கிளை எங்கே நிறுத்துவார். கொல்லைப்பக்கம். ஏன் கொல்லைப்பக்கம், வாசலில் இடம் இல்லையா, வாசலில்தானே நிழல். கொல்லையில் அம்மா மோர் கொடுப்பாள், அவர் நின்றபடியே குடிப்பார், குடித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் ஒரு செம்பு மோர், அவர் கால்மணி நேரம் குடிப்பார், அம்மா தலையைக் குனிந்துகொண்டு பேசிக்கொண்டே இருப்பாள், பிறகுதான் முன்னால் சுற்றி வந்து செருமிவிட்டுக் கண்ணை மூடுவார். எழுபத்து நாலு வயதில், பத்து ஊசியோடு, மழைச் சத்தத்தில், இது இப்போது தெரிகிறது எனக்கு. குழம்பும் மிளகாயும் சண்டையும் கையில் எங்கே இருந்தது, அம்மா வாயில் இருந்தது. அப்பாவின் கை ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. திரைக்குப் பின்னால் அப்பா என்பதையும் அவள்தான் சொல்லியிருப்பாள், சித்தப்பாவுக்குப் பல்வலி என்பது தெருவுக்கே தெரியும். எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும், ஆண்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டு கையை நீட்டுவார்கள், பெண்கள் பின்னால் சொல்லிவிடுவார்கள், வைத்தியரும் பிழைத்தார், நோயாளியும் பிழைத்தான். இங்கே என் கொல்லைப்பக்கம் முன்கூடத்தில் குடையோடு உட்கார்ந்திருக்கிறது. அதன் வாயையும் நானே அடைத்துவிட்டேன், வாசல் வழி ஒன்று, கொல்லை வழி ஒன்று என்று.

தக்காளி அடித்தது. திரை விலகியது. சின்சே ஊசிகளை எடுத்தார், தலையில் ஒன்று, வலது பக்கம் நாலு, இடது காலில் இரண்டு, இடது முழங்கை, இடது முன்கை, கடைசியாக இடது கையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருந்தது. அதை எடுத்ததும் ஒரு சொட்டு வந்தது. எல்லோருக்கும் வருவதுதான், பஞ்சை வைத்து ஒற்றினார். பஞ்சு சிவந்தது. இன்னொரு பஞ்சு வைத்து அழுத்தினார், அதுவும் சிவந்தது. மூன்றாவதை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். எனக்கு அந்த அழுத்தம்கூட யாரோ பக்கத்து அறையில் அழுத்துவதுபோலத்தான் இருந்தது. நான் முகத்தைப் படித்தேன், பழக்கம். காந்தத்தைத் தேடுகிற முகம் இல்லை அது. அவர் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க அங்கிள். தப்பு என்னோடது. ரத்தக்குழாயில குத்திட்டேன்போல, என் கை இன்னைக்குச் சரியில்லை. இனிமே இந்த இடத்துல ஆழமா போடமாட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். ஒரு கதை தயாராகத்தான் வந்து நின்றது, எங்கள் வம்சத்திலேயே ரத்தத்துக்குப் பிடிவாதம், என் மாமா ஒருத்தர் முகம் மழிக்கும்போது வெட்டிக்கொண்டு ஆறு பக்கெட், நன்றாகத்தான் வந்தது, அவர் சிரித்திருப்பார். அவர் தலையைக் குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், குழந்தையின் கையைக் கதவிடுக்கில் நசுக்கிவிட்டவள் பிடிப்பதுபோல.

"உங்க கை இல்லை சின்சே. மாத்திரை. ஆஸ்பத்திரியில குடுத்தது, வார்ஃபரின், தினமும் சாயங்காலம்."

அவர் கட்டைவிரலை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

"எப்பலேருந்து?"

"உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியிருந்து."

மழை விட்டிருந்தது, அடுத்த கட்டில்காரர் குறட்டையை நிறுத்திவிட்டு, அவருக்கு மலாய் தெரியும்போல, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சின்சே ஒவ்வொன்றாகக் கேட்டார், ஈறு, மூக்கு, தலைவலி உண்டா, வெளிக்கி கறுப்பாகப் போகிறதா, எங்கேயாவது கன்றியிருக்கிறதா. நான் கைலியை விலக்கித் திட்டைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த கனிவு கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விட்டது. சிவப்பு வேர் இந்த மாத்திரையோடு சேரக் கூடாது, இன்னும் இரண்டு சரக்கும் கூடாது, வீட்டில் இருக்கிற பொட்டலத்தை எல்லாம் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும், ஆனால் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தக் கூடாது, அதை ஆஸ்பத்திரிதான் சொல்லும், வியாழக்கிழமைவரைக்கும் இல்லை, இன்றைக்கே, இங்கிருந்து நேராக. கடிதம் எழுதித் தருகிறேன், எல்லாச் சரக்கின் பெயரும் அதில் இருக்கும். இதையெல்லாம் கணக்கு ஒப்பிக்கிற குரலில் சொல்லிவிட்டு, கடைசியில்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் கேட்டேனே அங்கிள்."

கேட்டார். அதற்கு நான் குப்பாண்டியையும் அப்பாவின் சட்டத்தையும் சொன்னேன், எங்கள் வழக்கத்தில் வைத்தியர்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொன்னேன், சொல்லும்போதே அது பாசார் மலாயில் எவ்வளவு சின்னதாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. மோரையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பஞ்சைத் தூக்கிப் பார்த்தார், நின்றிருந்தது, ஒட்டுத்துணி போட்டார்.

"அப்போ விரல்?" என்றேன்.

"தெரியலை. என் மருந்துல அசைஞ்சுதா, ஊசியிலயா, நாளாச்சுன்னு தானாவே அசைஞ்சுதா, எனக்கு நிஜமாவே தெரியலை. நின்னாலும் நிக்கும். நிக்காமலும் இருக்கும்."

பிறகு மறுபடி கையைக் கேட்டார். மூன்று விரலையும் வைத்துக் கண்ணை மூடினார், மணிக்கட்டுக்குக் கீழே முதலில் லேசாக, அப்புறம் அழுத்தி, அப்புறம் எலும்புவரைக்கும். ஏதோ ஒரு வித்தியாசம் தெரியும் என்று எனக்கு ஆசை, உள்ளே இவ்வளவு பெரிய கல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறேன், ஒரு சின்ன அலையாவது இருக்காதா. கண்ணைத் திறந்தார். முதல் நாள் எப்படி இருந்ததோ அதேதான் என்றார், விறைப்பு, வழுக்கல், நடந்து நடந்து நிற்கிறது, ஒன்றும் மாறவில்லை. என் பழைய கார்டை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் புதுக் கார்டு எடுத்தார். எந்தெந்த ஊசி வந்தது, எது வரவில்லை என்று கேட்டார். இன்றைக்கு நாலு வரவில்லை என்றேன், இடது கையில் இரண்டு, காலில் ஒன்று, தலை ஒருநாளும் வந்ததில்லை. பேனா நின்றது. ஒருநாளுமா என்றார். ஒருநாளும் இல்லை. அவர் எழுதிக்கொண்டார்.

கடிதம் முடியும்வரை நான் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிறகு கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இடது காலை இழுத்து இழுத்து முன்கூடத்துக்கு வந்தேன். கடைப்பெண் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தி உள்ளே பார்த்தாள், சின்சே தலையசைத்ததும் பிரித்துக் கொட்ட ஆரம்பித்தாள். தனம் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். சனிக்கிழமைதோறும் ஊசி முடிந்து வெளியே வந்ததும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே என்ன நடந்தது என்று அவளுக்குச் சொல்வேன், ஒருநாள் ஊசி மறுபக்கம் வெளியே வந்துவிட்டது, ஒருநாள் மண்புழு சின்சேயிடம் சீன பாஷையில் நலம் விசாரித்தது, அவள் இல்லாத வெற்றிலையை மெல்வதுபோல வாயை வைத்துக்கொண்டு கேட்பாள், நம்பமாட்டாள், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் டாக்சியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இப்போதே உதட்டோரம் வந்து உட்கார்ந்திருந்தது.

"என்னாங்க, இன்னைக்கு என்ன சொன்னாங்க உங்க சின்சே?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வலது கையால் இடது கையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவங்க சொன்னதை அப்புறம் சொல்றேன், தனம். நான் அவங்ககிட்ட சொல்லாததை முதல்ல சொல்றேன்."

அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், பாம்பு எந்தப் பக்கத்திலிருந்து வரப்போகிறது என்று என் முகத்தைப் பார்த்தபடி. நான் ஈறிலிருந்து ஆரம்பித்தேன். பீட்ரூட் இல்லை என்றேன். மருந்தகத்துப் பெண் சொன்னது, கார்டில் எழுதிய டுரியான், நாலைத் தொட்ட எண், ஒன்றன்பின் ஒன்றாக, எதையும் நீளமாக்காமல். அந்தச் சிரிப்பு போக வெகுநேரம் எடுத்தது. போன பிறகு, அவள் என் மடியிலிருந்த இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சுட்டுவிரலைப் பார்க்கவே பார்க்காமல், கடைப்பெண்ணிடம் டாக்சிக்குக் கூப்பிடச் சொன்னாள்.